எவரையும் அண்டாதவள்

விருதுநகரின் மிளகாய் மண்டிகளில் எழுகின்ற கார நெடி, மேற்கே செல்லச் செல்ல மெலிந்து, கடைசியில் கந்தக மணத்திடம் தோற்று அடங்குகின்ற இடத்திலே தொடங்குகிறது, தமிழ் நயக்கும் நல்லீர், வெடியூர்களின் நாடு. கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, கண்ணெட்டிய தொலைவெல்லாம் வேலிக்கருவை மண்டி நிற்க, அவற்றின் நடுவே ஒன்றைக் கண்டு மற்றொன்று அஞ்சி விலகியவை போல வெள்ளையடித்த சிற்றறைகள் சிதறியிருக்கும் வெடியாலைகள், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் அந்தச் சித்திரை மாலையில், பகலெல்லாம் தம்முள் அடைத்து வைத்திருந்த மாந்தரை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. ஓரறையில் பற்றிய நெருப்பு மற்றோரறைக்குத் தாவாதபடி இடைவெளி விட்டுக் கட்டும் அறிவு ஆலைக்காரர்க்கு உண்டு. அவ்வறைகளில் உழைப்போர் வாழ்கின்ற எம். புதுப்பட்டியின் தெருக்களோ, ஒரு வீட்டின் தாளிப்பு மூன்று வீட்டில் இருமலாக ஒலிக்கும் நெருக்கத்தில், சுவரோடு சுவர் ஒட்டிக் கிடப்பவை.

அத்தெருக்களுள் ஒன்றில் பிறந்து வளர்ந்து, அங்கேயே வாழ்ந்தாள் வேலுத்தாய். நாற்பதைக் கடந்தவள், காகிதக் குழாய்களுக்குத் திரி செருகுவதில் ஆலையே வியக்கும் கைவிரைவு உடையவள், பிழைக்கப் போன கணவன் கேரளத்திலேயே வேறொரு குடும்பம் கண்டுகொண்டான் என்று கேள்வியுற்ற காலையிலும், உலை வைத்து, உண்டு, வேலைக்குப் புறப்பட்டவள். வீட்டில் உப்புத் தீர்ந்தால் அன்று உப்பின்றி உண்பாளேயன்றி அடுத்த வீட்டுப் படியேறிக் கேளாள். ஒரே மகள் ஓவியாவை மதுரையில் விடுதியில் தங்கிச் செவிலியர் கல்வி பயில வைத்ததும் தன்னிரு கைகளே என்பது அவள் துணிபு. "வேலு யாரையும் அண்டமாட்டா" என்று ஊர் சொல்லும். பொன்னணியாத அவள் கழுத்துக்கு அச்சொல்லே பொன்னாயிருந்தது.

அம்மாலை, ஆலை வண்டி தெருமுனையில் வந்து நின்றபோது, பின்படிக்கும் தரைக்கும் இடையே பள்ளம் இருக்கக் கண்டு, முன்னே இறங்கிய சோலைச்சாமி என்னும் உடன்பணியாளர் அவள் இறங்குவதற்குக் கை நீட்டினார். அந்தக் கையைக் காணாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபுறம் தாவினாள் வேலுத்தாய். கால் கல்லில் வழுக்க, முன்புறம் குப்புற விழுந்து, இரு உள்ளங்கைகளையும் ஒருசேரத் தரையில் ஊன்றினாள். இரண்டு மணிக்கட்டும் முறிந்தன. சிவகாசி மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பியபோது, விரல்நுனிகள் மட்டும் தளிர் போல வெளியே எட்டிப்பார்க்க, இரு கைகளும் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டுக்குள் புதைந்திருந்தன. ஒன்றரை மாதம் அசைக்கலாகாது என்றனர் மருத்துவர். அழைத்துச் சென்ற சோலைச்சாமியிடம் அவள் ஒரு நன்றிச் சொல்லும் சொல்லவில்லை. நீட்டிய கையாலன்றோ இத்தனையும் என்று அவர்மேலேயே சினந்திருந்தாள்.

அன்றிரவே, ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள் அடுத்த வீட்டுத் தங்கத்தாய். அவள் வேலுத்தாய்க்கு மதினி முறை, வேலுத்தாயைவிட மூத்தவள், அத்தெருவிலேயே பிறந்து அத்தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள், பொதுச் சுவரோரம் கழிவுநீர் ஒழுகியதைப் பற்றி எழுந்த சண்டையால் ஆண்டுக் கணக்கில் வேலுத்தாயோடு பேசாதிருந்தவள். இப்போது, இடையில் ஒன்றுமே நிகழாதது போல, "வாயைத் தொற" என்றாள். வேறு வழியின்றி வாய் திறந்தாள் வேலுத்தாய்.

உதவி வந்தது, அவ்வுதவியே பெருந்தொல்லையாக வளர்ந்தது. தங்கத்தாய் ஊட்டும் கவளம் ஒவ்வொன்றும் வாய் கொள்ளாத அளவினது. முதற்கவளம் விழுங்கப்படும் முன்னரே இரண்டாவது உதட்டருகில் காத்து நிற்கும். குழம்பில் உப்பு மிகும். தேநீரில் இனிப்பு மிகும். நீராட்டும்போது கண்ணில் நுரை புகும். தலைவாரினாலோ, மண்டைத்தோலே பின்னிழுபடும்படி இறுக்கிப் பள்ளிச் சிறுமியரைப் போல இரட்டைச் சடை போட்டுவிட்டு, அழகாயிருக்கிறது என்று தானே வியந்துகொள்வாள். மூக்கின் நுனியில் ஓர் ஈ அமர்ந்தாலும் தலையை உதறியே ஓட்டவேண்டிய நிலையில் கிடந்த வேலுத்தாய், குறை சொன்னால் கை இல்லாதவளுக்கு வாய் பார் என்பார்களே என்று அஞ்சி, பல்லைக் கடித்துப் பொறுத்தாள். தொல்லை தங்கத்தாயோடும் முடியவில்லை. தெருப் பெண்டிர் ஒவ்வொருவராய் வந்து கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, தத்தம் உறவினரின் முறிந்த எலும்புகளைப் பற்றி விரிவாக எடுத்துரைத்து, வளைந்தே கூடியவை எத்தனை, கூடாமலே போனவை எத்தனை என்று கணக்கிட்டு, அஞ்சாதே என்று ஆறுதலும் கூறி அகன்றனர்.

இவையனைத்தையும் பொறுத்தவள், ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை. ஓவியாவுக்கு இறுதித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை அவள் காதில் இச்செய்தி விழவே கூடாதென்று வந்தவரிடமெல்லாம் வேலுத்தாய் சொல்லியிருந்தாள். ஒருநாள் முற்பகலில், பெருஞ்சாலையிலுள்ள பொதுத் தொலைபேசிக் கடைக்குச் சென்று மீண்ட தங்கத்தாய், பெற்ற தாயின் நிலையைப் பிள்ளைக்கு மறைப்பது பாவம் என்று தன் மனம் உறுத்தியதாகவும், ஆகையால் சொல்லிவிட்டதாகவும், ஓவியா அழுது புலம்பி, மறுநாள் தேர்வை விட்டுவிட்டு மாலைப் பேருந்தில் வந்துவிடுவதாகக் கூறியதாகவும், அரும்பணி ஆற்றிய நிறைவு முகத்தில் மலர எடுத்துரைத்தாள்.

வேலுத்தாயின் பொறுமை அத்தோடு அறுந்தது. இத்தனை நாளும் விழுங்கிய உப்பும் நுரையும் சடையும் ஒருங்கே பொங்கி மேலெழ, இனி இந்தப் படியை மிதிக்க வேண்டாம் என்று உரத்த குரலில் சொல்லி, தோளாலேயே மதினியை வெளியே தள்ளி, காலால் கதவை அறைந்து சாத்தி, தாழ்ப்பாளைப் பல்லால் கவ்வி இழுத்துச் சொருகினாள்.

சிறிது நேரம் அவளுக்கு அது வெற்றியாகவே தோன்றியது. பின்னர்தான் உண்மை உறைத்தது. மகளைத் தடுக்கவேண்டும், தடுக்கவேண்டுமானால் தொலைபேசிக் கடைக்குச் செல்லவேண்டும், செல்லவேண்டுமானால் கதவைத் திறக்கவேண்டும். வெயிலில் முறுகியிருந்த அந்தத் தாழ்ப்பாளோ, சினத்தின் விசையில் உள்ளே போனது, நிதானத்தின் விசைக்கு வெளியே வர மறுத்தது. பல்லால் இழுத்தாள், ஈறு கிழிந்தது. முழங்கையால் இடித்தாள், முறிந்த எலும்பு உள்ளே அலறியது. தகரக் கூரை நெருப்பாய்க் காய, வியர்வை கண்ணை மறைக்க, மதுரையில் ஒரு பெண் தன் துணிகளைப் பையில் அடுக்குகின்ற காட்சி மனத்தில் ஓயாது எழ, அவள் கதவில் நெற்றியை முட்டி நின்றாள்.

கூப்பிட வேண்டியதுதான். ஒரு சுவருக்கு அப்பால் தங்கத்தாயின் பாத்திரங்கள் ஓசையிடுவது கூடக் கேட்டது. ஆயினும், என்ன விந்தை! பிறரைக் கூப்பிடும் குரல் எது, அது எவ்விடத்திலிருந்து எழுவது என்பதையே அவள் தொண்டை அறியவில்லை. வாய் திறந்தாள்; காற்று வந்தது. மீண்டும் திறந்தாள், இருமல் வந்தது. தன்மேலேயே எழுந்த சினத்தால் கதவை உதைத்தாள். கூரையின் நிழல் சுவரில் சாய்ந்து, பேருந்தின் நேரம் நெருங்கிவிட்டதென்று உணர்ந்தபோதுதான், வேண்டுதலாகவன்றி வசவு போல, கரடுமுரடாக அது வெளிப்பட்டது.

"மதினி! கதவைத் தொறக்க முடியல. வாங்க!"

பாத்திர ஓசை நின்றது. தங்கத்தாயின் கூக்குரலுக்குத் தெருவே திரண்டது. சோலைச்சாமி கடப்பாரையால் கீலைப் பெயர்த்துக் கதவைச் சாய்த்தார். உள்ளேயிருந்து வேலுத்தாய் சொன்னதைக் கேட்டதும், வயதையும் உடற்பருமனையும் மறந்து சாலைக்கு ஓடினாள் தங்கத்தாய். விடுதியின் எண்ணை மீண்டும் அழைத்து, வாயிலைத் தாண்டவிருந்த ஓவியாவை நிறுத்தி, அவளுடைய தாய் நலம் என்றும், தேர்வை எழுதாமல் வந்தால் வீட்டில் சேர்க்கமாட்டாள் என்றும் அறுதியிட்டுச் சொல்லி, மூச்சிரைக்கத் திரும்பிவந்து, பெயர்ந்த கதவின்மேலேயே அமர்ந்தாள்.

"கூப்பிட இம்புட்டு நேரமாளா ஒனக்கு?" என்றாள்.

"நான் யாரையும் கூப்பிட்டுப் பழகல."

"ஒன்ன அப்பிடிப் பழக்குனதே நாங்கதானளா. ஒங்கம்மா படுத்த படுக்கையாக் கெடந்தப்ப, நீ இத்துனூண்டு. குடத்தைத் தூக்க முடியாம தூக்கிட்டுப் போவ. 'வேலு கெட்டிக்காரி, யாரையும் அண்டமாட்டா'ன்னு கெணத்தடியில சொல்லுவோம். அப்பிடிச் சொல்லிட்டா யாரும் போயித் தூக்கிவிட வேண்டியதில்ல பாரு."

இதனைத் தங்கத்தாய் குற்றவுணர்வோடும் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. விறகு விலை சொல்வது போலச் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தான் பொன்னென்று அணிந்திருந்த சொல், பிறர் தம் தோளுக்கு நோவு வாராமல் தன் தலையில் ஏற்றிவைத்த சுமை என்பதை வேலுத்தாய் அறிந்தாள். எவர் துணையும் இன்றித் தானே வனைந்ததாக எண்ணியிருந்த தன்மானத்தையும் அந்தத் தெருவே வனைந்து கொடுத்திருக்கிறது, அதுவும் சோம்பலால்! கையிருந்தால் அப்பொழுதே எதையேனும் எடுத்து வீசியிருப்பாள். கையில்லாமையால், அன்றிரவும் அந்த உப்பு மிகுந்த சோற்றுக்கே வாய் திறந்தாள்.

ஓவியா தேர்வை எழுதி முடித்து வந்தாள். சில நாள் தாயைப் பேணிவிட்டுத் திரும்பினாள். ஆனியில் கட்டுப் பிரித்தனர். இடக்கை நேரே கூடியது; வலக்கை சற்றே கோணிக் கூடியது. திரி செருக முடிந்தது. குடம் தூக்க முடிந்தது. உண்ணவும் தலைவாரவும் முடிந்தது. துவைத்த சேலையைப் பிழிய மட்டும் இயலவில்லை. முறுக்கும்போது மணிக்கட்டு நோவெடுத்து விட்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீர் சொட்டும் சேலையோடு முற்றத்தில் வெகுநேரம் நின்றவள், சுவருக்கு அப்பால் நோக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டே, "மதினி, இங்கன வந்து ஒரு முனையைப் பிடிங்க" என்றாள்.

வந்தாள் தங்கத்தாய், பிடித்தாள், வேலுத்தாய் முறுக்கிய போக்கிலேயே தானும் முறுக்கினாள். சேலை உருண்டதேயன்றி ஒரு துளியும் வடியவில்லை. அந்தப் பக்கமாக முறுக்கவேண்டும் என்றாள் வேலுத்தாய். தான் முறுக்குவதே சரி, நீ மாற்று என்றாள் தங்கத்தாய். கேட்பதைப் போலத் துன்பமானது வேறில்லை என்றும், கேட்டபின் வருகின்ற துணை ஒருநாளும் நாம் விரும்பிய வடிவில் வருவதில்லை என்றும் வேலுத்தாய் உள்ளுக்குள் புகைய, விட்டுக்கொடுக்க மனமின்றி இருவரும் தத்தம் முனையை இறுகப் பற்றி நின்றனர். முடிவில், எவர் மாற்றினார் என்பதை எவரும் ஒப்புக்கொள்ளாமலே, இரு முனையும் எதிரெதிராய்த் திரும்ப, நடுவே இறுகித் தடித்த துணியிலிருந்து நீர் தாரையாய் இறங்கி, இருவர் காலையும் நனைத்து, வறண்ட கரிசலுக்குள் ஓசையின்றிப் புகுந்தது.