எண்ணெய் படாத கஞ்சி

அறையில் நாங்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கத்தில் டாக்டர் ஷைஸ்தா. ஜன்னலோரம் மருந்து தயாரிக்கும் ஜஹாங்கீர். கதவருகே நான்; மும்பை செம்பூரிலுள்ள இந்த ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளின் விவரம் எழுதுவதும், தமிழுக்கும் இந்திக்கும் நடுவே நின்று பேசுவதும் என் வேலை. எனக்கு எதிரே தாராவி சேசம்மாள். அவருக்குப் பக்கத்து நாற்காலி உடன் வரும் உறவினருக்கானது. முதல் மாதத்திலிருந்தே அதில் அவருடைய பைதான் உட்கார்ந்திருக்கிறது.

விரல் மூட்டு வலிக்கு ஒரு மூலிகை வேரிலிருந்து எடுத்த மருந்தை அவருக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். போன மாதம் விரல்கள் வலியில்லாமல் மடங்கின. இம்முறை இரத்தத்தில் மருந்தே இல்லை. விழுங்கவில்லை என்று முடிவானால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள்.

“முழுங்காம எங்க போடுவேன்? சோத்தோடதான் தின்னேன்.”

“என்ன சோறும்மா?”

“கஞ்சியும் சுட்ட வத்தலும். தவக்காலம்லா. ஈஸ்டர் வரைக்கும் எண்ணெய், மீனு தொடமாட்டேன்னு நேர்ந்திருக்கேன். சுபின் ஒரு போனாவது பண்ணட்டும்னு.”

சுபின் அவருடைய ஒரே மகன். இதே மும்பையில், முலுண்டில்தான் இருக்கிறான்.

நான் இந்தியில் சொன்னதும் ஜஹாங்கீர் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த மருந்து தண்ணீரில் கரையாது. சாப்பாட்டுக் கொழுப்பில் கரைந்தால்தான் குடல் சுவரின் செல்களைக் கடந்து இரத்தத்தில் சேரும். ‘சாப்பாட்டுடன்’ என்று சீட்டில் எழுதிய நாங்கள், கொழுப்பே இல்லாத சாப்பாடும் உண்டு என்று நினைக்கவில்லை.

“ஒரு ஸ்பூன் நெய்க்கு ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?” என்றேன்.

“அவரு கோவிக்க மாட்டாரு. எனக்குத்தான் மனசு ஒப்பாது.”

ஜஹாங்கீரிடம் இன்னொரு வகை இருந்தது: அதே மருந்தை எண்ணெயில் கரைத்து அடைத்த கேப்ஸ்யூல். நான் தமிழில் சொன்னதும் சேசம்மாள் சிரித்தார். “மருந்துக்குள்ள இருந்தா அதுவும் மருந்துதான? அதுல என்ன மீனா பொரிக்கப் போறேன்?”

ஆனால் அது ஆய்வில் வேறு பிரிவு நோயாளிகளுக்கானது. நடுவில் மாற்ற, ஆய்வின் நெறிமுறைக் குழு எழுத்தில் அனுமதிக்க வேண்டும். கிடைப்பது கடினம் என்றார் டாக்டர். தமிழில் சொன்னேன்.

சேசம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “மருந்து தராட்டாலும் போகுது தம்பி. மாசம் ஒருக்க வந்துட்டுப் போறேன். என்ன தின்னேன்னு கேக்க எனக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?”

அவர் போனபின் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். முதலில் நடந்ததையும் எங்கள் தவறையும். பிறகு, கேப்ஸ்யூல் மாற்ற அனுமதி. கடைசியாக, அனுமதி இல்லையென்றாலும் அவர் மாதந்தோறும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று.

“கடைசியில் எழுதியிருப்பது எதற்கு?” என்றார் டாக்டர்.

“மருந்து நின்றால் விரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க.”

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். உறையை ஒட்டி, மாலையில் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்டில் சேர்த்தேன்.