ஆட்டம் இருக்கா, இல்லையா?

1.

இந்தக் கதைக்குக் காரணம் என் வண்டியின் பிரேக் சத்தம். நான் குடியிருக்கும் அயல்நாட்டு மலையூரான ஃபொன்தெமோராவில் வண்டிக்கு எது வந்தாலும் நீவெஸின் பட்டறைக்குத்தான் போக வேண்டும். போனால் அவளுக்கு மனசு வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். அப்படி ஒரு மத்தியானம் வெளியே உட்கார்ந்திருந்தபோது, உள்ளே அவளும் அவள் அண்ணனும் போட்ட சண்டை காதில் விழுந்தது.

"ஆட்டம் இருக்கு."

"இல்ல."

"இருக்குடீ."

"இல்லன்றேன்ல."

நான் கேட்டது இவ்வளவுதான். அதற்குப் பிறகு உள்ளே பேச்சே இல்லை. அந்தச் சண்டை பாதியில் ஏன் நின்றது என்ற கேள்வி என் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

(மெக்கானிக்குகள் 'ஆட்டம்' என்று சொல்வது, இறுக்கமாக இருக்க வேண்டிய இணைப்பில் விழுந்துவிடும் தளர்ச்சியை. இந்த ஊர் மொழியிலும் விளையாட்டுக்கும் இந்தத் தளர்ச்சிக்கும் ஒரே சொல்தான். கதையில் என் கைவேலை இல்லாத இடம் இது ஒன்றுதான்.)

2.

முதல் தொடக்கம்: "பனி விலகாத மலைப்பாதையில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு..."

ஒரு என்ன? சிறுத்தை என்று எழுதப் போனேன். கார் என்றதும் சிறுத்தையை அவிழ்த்துவிடுகிறவர்களை நம்பாதீர்கள்.

இரண்டாவது: "எல்வியோவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது."

பச்சைப் பொய். அவனுக்கு ஒரே ஒரு விஷயத்தில் பயம் உண்டு, அது [இங்கேயே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன கதை].

மூன்றாவது, வேறு வழியில்லாமல்:

எல்வியோ தன் காரைத் தங்கையின் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை மலையேற்றப் பந்தயம். வருஷா வருஷம் ஊரே பாதையோரம் நின்று, ரொட்டிக்குள் வைத்த பன்றி வறுவலைத் தின்றுகொண்டே, ஒவ்வொரு காராக மேலே ஏறுவதைப் பார்க்கும். பாதையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. (ஐம்பத்தெட்டு வயதுக்காரனை 'அவன்' என்று எழுதலாமா? வயதை அவனே ஒத்துக்கொள்வதில்லை, எனக்கென்ன வந்தது.)

"இடது முன்சக்கரம்," என்றான். "வளைவுல ஸ்டியரிங் கையில வந்து அடிக்குது."

"போன மாசமும் இதத்தான சொன்ன? சக்கரத்தப் பிடிக்கிற பால் ஜாயிண்ட் புதுசு போட்டேன்ல?"

"நீ போட்டது மட்டமான சரக்கு."

"ஆமா, உன் தேருக்குத் தங்கத்துல வார்த்துப் போடணும். கொழுப்பப் பாரு."

சிரித்துக்கொண்டே சாவியை வாங்கினாள். மலைப்பாதையில் மாதா சிலை இருக்கும் வளைவுவரை தானே ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஸ்டியரிங் கைக்குள் அசையாமல் இருந்தது. இறங்கும்போது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

3.

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீவெஸ் அவசரப்படவில்லை.

முதலில் காரின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டாள். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் வண்டி ஒரு தரம் எழுந்து அடங்கிவிடும். போய்விட்டதென்றால் தலையாட்டிக்கொண்டே இருக்கும். நான்கும் அடங்கின. கடப்பாரை முனையால் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களை நெம்பினாள். வெடிப்பு இல்லை. பிறகு ஜாக்கை வண்டியின் சட்டத்தில் கொடுக்காமல், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்தாள். அப்போதுதான் ஸ்பிரிங்கின் இறுக்கம் விலகி, ஜாயிண்ட் தன் உண்மையைச் சொல்லும். பக்கத்தில் டயல் கேஜைப் பொருத்தினாள். மயிரிழை அசைந்தாலும் அதன் ஊசி காட்டிக்கொடுத்துவிடும்.

சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. தள்ளினாள், இழுத்தாள். ஊசி அசையவில்லை.

"தள்ளிக்கோ, நான் பாக்குறேன்," என்று எல்வியோ குந்தி உட்கார்ந்தான். இடது கையை மேலே வைத்துப் பிடித்தான். "இதோ. தெரியுதா? இதோ பாரு, ஆட்டம் இருக்கு."

"இல்ல."

"இருக்குடீ."

"இல்லன்றேன்ல. ஊசியப் பாரு அண்ணே."

"உன் ஊசி செத்துப்போச்சு."

அவள் ஊசியைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் அசையாமல் நின்றது. அதைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

* இந்த இடத்தில் அவர்களுடைய அப்பாவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அவருக்கும் இடது கையில்தான் நடுக்கம் தொடங்கியது. கடைசிக் காலத்தில் முக்குக்கடையில் அவருக்கு மட்டும் காப்பியைப் பெரிய கண்ணாடி டம்ளரில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுப்பார்கள், சிந்தக்கூடாதென்று. படுக்கையில் விழுந்த பிறகு ஸ்பூனால் ஊட்டிவிட்டவன் எல்வியோ. அடக்கம் முடிந்து திரும்பும்போது அவன் சொன்னான்: "எனக்கு இது வந்துச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கு, வண்டிய மேல ஏத்தி வளைவுல திருப்பாம விட்டுடுவேன். உன்ன ஊட்டிவிட வைக்க மாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவன்.

* காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்த அன்றைக்குக் காலையில் முக்குக்கடையில் எல்வியோ தன் காப்பியைப் பெரிய டம்ளரில் கேட்டான். "சூடு ஆறட்டும்னுதான்" என்றான். அப்போது கூட இருந்த நீவெஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

4.

இனி நீவெஸுக்கு இரண்டே வழி.

'ஆட்டம் இருக்கு' என்று சொல்லலாம். ஜாயிண்ட் போய்விட்டது, புதுசு வர நாளாகும், ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் கிட. அவன் திட்டிவிட்டு அடங்கிவிடுவான். ஆனால் அடுத்த பந்தயத்துக்குப் புது ஜாயிண்ட்டோடும் அதே கையோடும் மேலே போவான்.

'ஆட்டம் இல்ல' என்று சொல்லலாம். வண்டியில் இல்லையென்றால் வேறு எதில் என்று அவனுக்குப் புரிந்துவிடும். அடக்கத்தன்று சொன்னதை அவன் மறந்திருக்க மாட்டான்.

பொய் சொன்னாலும் அவன் சாகலாம், உண்மை சொன்னாலும் சாகலாம். இவளை இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது நான்தான் என்பதால் நேற்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுதுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டே என்று யோசித்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும்:

"ஊசி நகர்ந்தது."

நகர்த்திவிட்டேன். இப்போது தளர்ச்சி ஜாயிண்ட்டில்தான், கையில் ஒன்றுமில்லை. எல்வியோ குதிக்கிறான், "நான் சொன்னேன்ல, கழுத!" என்று தங்கையின் தலையில் தட்டுகிறான். எனக்கே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் காலையில் அவன் கேட்ட பெரிய டம்ளர் நினைவுக்கு வந்தது. அது அப்படியே இருந்தது. ஊசியை நகர்த்தினால் கை நிற்குமா? வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

இன்னொரு முடிவும் எழுதினேன். அவள் உண்மையைச் சொல்ல, அவன் அழ, அவள் கட்டிக்கொள்ள, கோயில் மணி அடித்தது. மணி அடிக்கிற முடிவு எதையும் நான் நம்புவதில்லை. கிழித்துப் போட்டேன்.

பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது, எல்வியோவின் மேல். போன மாதம் மாற்றிய ஜாயிண்ட்டை இந்த மாதமும் மாற்றக் கேட்கிறவன் உண்மையிலேயே எதுவும் தெரியாதவனா? தெரிந்துகொண்டே, 'வண்டியில்தான் கோளாறு' என்று தங்கை வாயால் கேட்க வருகிறானா? எனக்கு விடை தெரியாது. அவனைப் படைத்தவன் நான் என்று பெயர்தான்.

5.

"வேற எங்கயாவது காட்டலாம், அண்ணே," என்றாள் நீவெஸ் மெதுவாக.

"வண்டிய உன்கிட்ட காட்டாம வேற எவன்கிட்ட காட்டுவேன்?"

"நான் வண்டியச் சொல்லல."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், கையை எடுக்கவும் இல்லை. எடுத்தால் அது சும்மா இருக்காது என்று பயந்தானோ என்னவோ.

"சுத்தி வளைக்காத, நீவெஸ்," என்றான். "நீ சொன்னா நான் கேட்டுக்குவேன். ஆட்டம் இருக்கா, இல்லையா?"

அவள் தன் கையை அவன் கையின் மேல் வைத்தாள். டயர் குளிர்ந்திருந்தது. சின்ன வயதில் அவளை மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த கை. அழுத்திப் பிடித்தும் அது நிற்கவில்லை.

இவர்கள் மொழியில் 'இல்லை' என்பது முதலிலேயே வந்துவிடும். வாயைத் திறந்த உடனே எல்வியோவுக்குப் பதில் தெரிந்துபோயிருக்கும். நான் தமிழில் எழுதுகிறேன். நமக்கு இருப்பதும் இல்லாததும் வாக்கியத்தின் கடைசியில்தான். அந்தச் சொல் வருகிறவரைக்கும் எல்வியோ இன்னும் மலையேறுகிறவன்தான். அவனுக்கு என்னால் வாங்கித்தர முடிந்த அவகாசம் அவ்வளவே. கடைசிச் சொல்லை எழுத எனக்கு மனசு வரவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நீவெஸ் அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணே, ஆட்டம்