வேதாசலத்தின் காருக்கு எதிரான வெளிநாட்டுச் சதி

லைட்ஹவுஸ் குப்பத்தில் வேதாசலம் கார் வாங்கிய நாளிலிருந்து அவருடைய சகலை தனக்கோடிக்குத் தூக்கம் சரியில்லை. கார் செகண்ட் ஹேண்ட்தான், அதை மன்னித்திருக்கலாம். ஆனால் சென்னையில் ஒரு கடையில் ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். போனைத் தொட்டால் கார் ஸ்டார்ட் ஆனது, ஏசி ஓடியது, கதவு பூட்டிக்கொண்டது. வலை சரிபார்க்கிறவர்கள் நடுவே உட்கார்ந்தபடியே வேதாசலம் தூரத்தில் நிற்கும் காரை உறுமவைப்பார். யாரும் கேட்காமலேயே, "உள்ள கூலா இருக்கட்டும்னுதான்" என்பார். போவதற்கு அவருக்கு ஓர் இடமும் இருக்காது.

"மாமா கார்ல குந்துனா ஐஸ் பொட்டில இருக்கறாப்புல இருக்குதுயா," என்றாள் தனக்கோடியின் மனைவி அங்காளம்மாள்.

"ஐஸ் பொட்டில செத்த மீனுதான் இருக்கும்."

"உன் வண்டில ஏறுனா உசுரோட இருக்கற நண்டும் செத்துடுது."

மறுநாளே தனக்கோடி அதே கடைக்குப் போய், தன் பழைய லோடு வண்டிக்கும் அதே பெட்டியை மாட்டச் சொன்னார். இந்த வண்டியில் ஹாரன் மட்டும்தான் அடிக்கும் என்றார் கடைக்காரர். "பரவால்ல, மாட்டு." அதற்கான ஆப்பைப் போனில் ஏற்றிக் கொடுக்கும்போது, உள்ளே நுழைய உங்கள் போன் நம்பர்தான் பெயர், ரகசிய எண்ணாக மறக்காத ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். தனக்கோடி தன் படகின் நம்பரைச் சொன்னார்.

"உங்க ஊர்க்காரங்க எல்லாரும் அதையேதான் சொல்றீங்க," என்று கடைக்காரர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஊர் வரைக்கும் கூடவே வந்தது. படகு நம்பரைப் பக்கவாட்டில் பெரிதாக எழுத வேண்டும் என்பது சட்டம். வேதாசலம் அதைத் தங்கக் கலரில் எழுதியிருந்தார். போன் நம்பரோ அவருடைய ஒவ்வொரு ஐஸ் பெட்டியிலும் சிவப்பில் இருந்தது. தனக்கோடி கரையில் நின்று இரண்டையும் பார்த்துப் பார்த்துப் போனில் தட்டினார். சகலையின் கார் முழுசாகக் கைக்குள் வந்து நின்றது: என்ஜின், கதவு, கண்ணாடி, ஏசி. அப்போதும் அவருக்குப் பொறாமைதான் வந்தது. அந்தாளுக்கு மட்டும் எத்தனை பட்டன்!

அந்த வாரம் நண்டு கம்பெனி ஏஜென்ட் விமல் வந்தார். குப்பத்தில் கம்பெனிக்காக நண்டு வாங்கும் சென்டரை யாரிடம் கொடுப்பது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சகலைகள் இருவரும் கேட்டிருந்தார்கள். வேதாசலம் ஏஜென்டை அழைத்துவர பொன்னேரிக்கே காரோடு போய்விட்டார்.

கார் திரும்பி வந்து, பழவேற்காட்டுப் பாலம் இறங்கியதும் வேகத்தடையில் தயங்கியது. கொஞ்சம் தள்ளித் தன் வண்டியில் காத்திருந்த தனக்கோடி போனைத் தட்டி என்ஜினை அணைத்தார். உள்ளிருந்தும் திறக்க முடியாதபடி கதவைப் பூட்டினார். கண்ணாடியை ஏற்றினார். பங்குனி வெயில். மீன் கூடைகளோடு போன பெண்கள் நின்று, தொட்டி மீனைப் பார்ப்பதுபோல் உள்ளே இருந்த இருவரையும் பார்த்தார்கள். வேதாசலம் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

ஏஜென்டின் சட்டை நனைந்ததும் தனக்கோடி தன் வண்டியில் வந்து இறங்கினார். சட்டைப்பைக்குள் ஒரு விரலால் போனைத் தட்டி, மறுகையால் கார் கதவை இழுத்தார். திறந்தது.

"பழசுன்னாலும் நம்ப வண்டி வழில நிக்காது சார். ஏறுங்க."

விமல் ஒரு காலைத் தூக்கி வண்டியில் வைத்தார். சென்டரே தன் மடியில் விழுந்ததுபோல் இருந்தது தனக்கோடிக்கு. அப்போது வேதாசலமும் காரைவிட்டு இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"இது ரிப்பேர் இல்ல சார். ஹேக்கிங். வெளிநாட்டுலருந்து நம்ப வண்டியக் குறி வெச்சிகினு கீறானுங்க. எக்ஸ்போர்ட்டு லைன்ல நம்ப பேரு அப்பிடி."

"ஐயோ மாமா! வெளிநாட்டுலருந்தா?" கூட்டத்திலிருந்த அங்காளம்மாள் நெஞ்சில் கைவைத்தாள்.

விமல் காலைக் கீழே இறக்கினார். "எங்க கம்பெனி கம்ப்யூட்டர்லயும் பூந்துட்டானுங்க சார். பெரிய ஆளுங்களாப் பாத்துத்தான் பண்றாங்க," என்று வேதாசலத்தின் தோளில் கைபோட்டார்.

"உன் வண்டிய எவன்யா சீண்டுவான்?" என்றாள் அங்காளம்மாள் கணவனிடம்.

தனக்கோடி வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்திருக்கும். ஆனால் உழைப்பு தன்னுடையது, பேர் எவனோ வெளிநாட்டுக்காரனுக்கு, மரியாதை சகலைக்கா?

"வெளிநாடாவது வெங்காயமாவது! நான்தான்யா நிறுத்துனேன்!"

கூட்டம் சிரித்தது. "தோ பார்றா! டிவி ரிமோட்ட தலகீழா புடிக்கற ஆளு," என்றாள் அங்காளம்மாள்.

தனக்கோடி போனைத் தலைக்கு மேலே தூக்கி, எல்லோரும் பார்க்க அழுத்தினார். ஆளில்லாத கார் உறுமியது. கண்ணாடிகள் ஏறி இறங்கின. ஹாரன் அலறியது. சிரிப்பு நின்றது.

"எப்படிங்க?" என்றார் விமல்.

தனக்கோடி பெருமை பொங்க, "ரகசிய நம்பரு அதோ, போன் நம்பரு இதோ," என்று கரையில் கிடந்த வேதாசலத்தின் படகையும் ஐஸ் பெட்டியையும் கைகாட்டினார்.

விமல் இரண்டையும் பார்த்தார். பிறகு சகலைகள் இருவரையும் பார்த்தார்.

"சாவிய பெயின்ட்ல எழுதி வெக்கிறவரு ஒருத்தரு. அத எடுத்துத் தொறக்கறவரு இன்னொருத்தரு. இதுல யார நம்பி நண்ட விடுறதுங்க? சென்டர நான் தோணிரேவு குப்பத்துல வெச்சிக்கறேன்."

பாலத்தில் ஏறி, பழவேற்காடு பஸ்ஸைப் பிடிக்க நடந்தே போனார்.

வேதாசலம் அவர் பின்னால் ஓடவில்லை. காரின் மேல் சாய்ந்து நின்றார். முகம் செத்திருந்தது.

"சகல," என்றார் மெதுவாக, "மெய்யாலுமே வெளிநாட்டுல யாருமே இல்லியா?"

"ஒருத்தனும் இல்ல."

சென்டர் கைவிட்டுப் போன வயிற்றெரிச்சலிலும், அதைச் சொல்வது தனக்கோடிக்கு இனிப்பாகத்தான் இருந்தது.