நான் முடித்து வைத்த வாக்கியம்

என் மனைவி இறந்து ஒரு மாதம் கழித்து, அவள் வேலை பார்த்த பஸ் டிப்போவில் அவளுக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். மதிய ஷிப்ட் மாறும் நேரம். டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். என்னையும் என் மகளையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பேசுவதற்கு இரண்டு பக்கம் எழுதி மடித்து சட்டைப் பையில் வைத்திருந்தேன். இருபத்தெட்டு வருஷ வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் அடக்கிவிட்டதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டிப்போவில் தொலைந்த பொருட்களுக்கான அறை அவள் பொறுப்பில் இருந்தது. பஸ்ஸில் விட்டுப்போன குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒருமுறை ஒரு பல்செட். எல்லாவற்றிலும் நூலில் ஒரு சீட்டைக் கட்டி, தேதி, பஸ் எண், கிடைத்த இருக்கை என்று பொடி எழுத்தில் எழுதி அடுக்கி வைப்பாள். நான் அவளை முதலில் பார்த்ததும் அங்கேதான். திருத்தி முடித்து எடுத்துப்போன பரீட்சைத் தாள் கட்டை பஸ்ஸில் விட்டுவிட்டு, வேலையே போய்விடும் என்று பதறி ஓடினேன். கட்டு அவள் மேஜைமேல் இருந்தது. என்னுடையதுதானா என்று தெரிந்துகொள்ள, "எ... எத்..." என்று ஆரம்பித்தாள்.

"எத்தனை தாள்னுதானே? நாப்பத்தி ரெண்டு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எத்தனை பேர் பெயில் என்றுதான் கேட்க வந்தாளாம்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். எனக்கோ அவசர வாய். நான் கணக்கு வாத்தியார்; பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் முந்திரிக்கொட்டை. கரும்பலகையில் ஒருவன் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் விடையை நானே சொல்லிவிடுவேன். வீட்டிலும் அதே கதைதான். அவள் ஓர் எழுத்தில் நின்றால் மிச்சத்தை நான் பேசிவிடுவேன். கடையில், சொந்தக்காரர்கள் வீட்டில், மகளுடைய பள்ளிக்கூடத்தில் எல்லாம் அவளுக்கு நான்தான் வாய். உதவி என்று சொல்லிக்கொண்டேன். உள்ளபடி சொன்னால், நாலு பேர் முன்னால் அவள் திக்கிக்கொண்டு நிற்பது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. நான் தப்பாக முடித்துவைத்தால் ஆரம்பத்தில் திருத்துவாள். போகப்போகத் தலையாட்டப் பழகிக்கொண்டாள்.

கூட்டத்தில் வயதான டிரைவர் ஒருவர் முதலில் எழுந்தார். "இந்தம்மா பேச ஆரம்பிச்சா நாங்க யாரும் குறுக்க பேசமாட்டோம். ஒரு ஜோக் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு பஸ்ஸே கிளம்பிப் போயிடும். ஆனா முடிஞ்சப்புறம் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி ஜோக் சொல்வாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

"அடுத்தவங்க பொருளைத் தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டு வர்றவன், அக்கா கேள்வியைக் கேட்டு முடிக்கறதுக்குள்ள பயந்துபோய் தானா உளறிடுவான்" என்றார் டிப்போ மெக்கானிக் ஒருவர்.

அடுத்ததாக எழுந்தது டிக்கெட் பரிசோதகராக இருக்கும் பெண். என் மனைவிக்கு நெருங்கிய தோழி. எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறாள்.

"மூணு மாசமா வயித்து வலி, முதுகு வரைக்கும் இழுக்குதுன்னு அக்கா எங்கிட்ட சொல்லிட்டே இருந்தாங்க. வீட்ல சொன்னா பயந்துடுவாங்கன்னு மறைச்சுட்டாங்க. நான்தான் டாக்டர்கிட்ட போங்கன்னு புடிச்சுத் தள்ளினேன். அந்த டாக்டர் ஒழுங்கா விசாரிக்கவே இல்ல. வாயுத் தொல்லைன்னு மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு. அஞ்சு மாசம் கழிச்சு என்ன வியாதின்னு தெரிஞ்சப்ப எல்லாம் கை மீறிப் போச்சு. அவரெல்லாம் ஒரு டாக்டரா?"

அறை முழுக்க முணுமுணுப்பு. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அந்த டாக்டர் விசாரித்தார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "எவ்வளவு நாளா வலிக்குதும்மா?" என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். "மூ... மூ..." என்று அவள் நின்றாள். என்னிடம் அவள் வலி என்று சொல்லி அப்போது மூன்று நாள் ஆகியிருந்தது. "மூணு நாளாத்தான் டாக்டர்" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு இன்னும் அதே எழுத்தில் குவிந்திருந்தது. பிறகு தலையாட்டினாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "டா... டாக்டர்கிட்ட..." என்று மறுபடி ஆரம்பித்தாள். "அதான் மாத்திரை குடுத்திருக்காரே, சரியாயிடும்" என்று முடித்துவைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் சொல்ல வந்தது மூன்று மாதம் என்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் எனக்குத் தெரிந்தது.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் இரண்டு பக்கத்தையும் எடுத்துப் படித்தேன். "அவள் மனதில் இருப்பது, அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்" என்று ஒரு வரி இருந்தது. அதையும் படித்தேன். குரல் உடைந்தது. துக்கத்தில் உடைகிறது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். வாங்கிக் குடித்தேன்.

"அந்த டாக்டரைச் சும்மா விடக்கூடாதுப்பா" என்றாள் மகள், வீட்டுக்கு வரும் வழியில்.

"ம்" என்றேன். அந்த "ம்"மை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் மகள் டைப் செய்த புகார்க் கடிதத்தோடு வந்தாள். கையெழுத்துப் போட பேனாவை நீட்டினாள். "மருத்துவரின் அலட்சியத்தால்" என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது.

"அவர் அலட்சியமா இல்லம்மா" என்றேன்.

"பின்ன?"

"மூணு நாள்னு அவர்கிட்ட சொன்னது நான். அம்மா சொல்ல வந்தது மூணு மாசம்."

அவளுக்குப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே.

"அம்மா மறுத்துச் சொல்லலையா?"

"தலையாட்டினா."

"அப்படித் தலையாட்ட வெச்சது யாரு?"

பேனாவை வாங்காமல் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

"கூட்டத்துல எல்லாரும் அந்த மனுஷனைத் திட்டினாங்க. நீங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

மறுநாள் காலை டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பழைய சீட்டைத் தேடி எடுத்தார். மூன்று நாள் என்று அவர் கையெழுத்தில் இருந்தது. "அவங்க வாயால சொல்ற வரைக்கும் நான் காத்திருந்திருக்கணும்" என்றார்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"சில மாசம் கூட கிடைச்சிருக்கலாம். கிடைக்காமயும் போயிருக்கலாம். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேரே டிப்போவுக்குப் போனேன். தொலைந்த பொருட்கள் அறையைத் தற்காலிகமாக அந்தத் தோழிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் குடையைத் தேடி வந்த ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் காதில் விழும்படியே எல்லாவற்றையும் சொன்னேன்.

தோழி குடையைத் தேடி எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினாள். பிறகு, "அக்கா எங்ககிட்ட சொன்னது வேற சார்" என்றாள். "டாக்டர் அவசரத்துல இருந்தாரு, நான் சொல்றதுக்குள்ள எழுதிட்டாருன்னாங்க. நீங்க கூட வந்தீங்கன்னே சொல்லல. அதைச் சொல்லி முடிக்க அவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா?"

ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளித் தள்ளி, அவள் எனக்காக ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருக்கிறாள்.

"மத்தவங்ககிட்டயும் நீங்க சொல்லிடுங்கம்மா" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க சார். மதியம் ஷிப்ட் மாறும்போது எல்லாரும் வருவாங்க."

காத்திருந்து சொன்னேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. வயதான டிரைவர் மட்டும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனார். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். தோழி வாசல்வரை வந்தாள்.

மகள் மூன்று வாரம் பேசவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அதற்கு மேல் அவளிடம் எதையும் எதிர்பார்க்க எனக்கு முகமில்லை.