நாலு மணி வால்வு

இப்போதெல்லாம் வழி கேட்கிறவன் பதிலை நின்று கேட்பதில்லை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் என்னிடம் அடுகோடிக்கு எந்த பஸ் என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் போனைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டான். பின்னே எதற்குக் கேட்க வேண்டும்? அதனால்தான் நான் எவனுக்கும் எதையும் சொல்வதில்லை.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு பெண்ணை அனுப்பினார்கள்.

அடுகோடியில் ஒரு பழைய ஃபாக்டரியை பாதி இடித்து, பாதி விட்டு, ஐந்து கட்டடங்களை ஆபீஸ் ஆக்கியிருக்கிறார்கள். புகைபோக்கி மட்டும் அழகுக்கு நிற்கிறது. அங்கே கட்டடத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. பகல் ஒரு மணிக்கு வந்தால் ராத்திரி ஒன்பதுக்குப் போவேன். காலை ஷிஃப்ட் டெரிக். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பைப் ரெஞ்ச் காணாமல் போனதிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. கேட்டில் எதிரெதிரே வருவோம். அவன் வானத்தைப் பார்ப்பான், நான் செருப்பைப் பார்ப்பேன்.

மேனேஜர் பத்ரிநாத் கூப்பிட்டார். “மாணிக்கம், அடுத்த மாசம் புது காண்ட்ராக்ட். இருபது பேர்ல பன்னண்டு பேர்தான் இருப்பாங்க. இவங்க இளவேனில் மேடம், நாலெட்ஜ் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட். உங்க தலையில இருக்கிறதை எல்லாம் இவங்ககிட்ட சொல்லிடுங்க.”

“சொல்லிட்டா அப்புறம் தலை எதுக்கு சார்?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அறுபத்தாறு வயசு. எட்டுப் பேரைக் கழிப்பதென்றால் முதலில் யாரைக் கழிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

அந்தப் பெண்ணுக்கு வேலூர்ப் பக்கம். முப்பத்தைந்து இருக்கும். கையில் சின்ன நோட்டு, தோளில் துணிப்பை.

“உங்க வேலைதான் என்னம்மா?” என்றேன்.

“ஒருத்தர் போகும்போது அவரோட சேர்ந்து ஏதோ ஒண்ணு போயிடுதுங்கய்யா. என்ன போச்சுன்னு கம்பெனிக்கே தெரியறதில்லை. போறதுக்கு முன்னால அதைக் கண்டுபிடிச்சு, தேவைப்படுறவங்ககிட்ட சேர்க்கிறது.”

“அதுக்குச் சம்பளமா?”

“ஆமாங்கய்யா. சில நாள் எனக்கே ஆச்சரியமா இருக்கும்.”

மூன்று நாள் என் பின்னாலேயே நடந்தாள். சித்திரை வெயில். குல்மொஹர் மரம் வழியெல்லாம் சிவப்பாய்ப் பூ உதிர்த்திருந்தது. அதிகம் கேட்கவில்லை. நோட்டையும் திறக்கவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் கட்டடத்துக்குப் பின்னால் நின்றபோது மெதுவாகக் கேட்டாள். “இந்த இடத்துல ஏன் செருப்பைக் கழட்டினீங்க?”

குனிந்து பார்த்தேன். செருப்பு ஓரமாய்க் கிடந்தது. நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன். கழற்றியது எனக்கே தெரியாது.

“கீழே லைன் போகுதும்மா” என்றேன். “தண்ணி ஓடினா உள்ளங்கால்ல ஒரு குறுகுறுப்பு. ஒழுகல் இருந்தா அது அறுந்து அறுந்து வரும்.” சொல்லிக்கொண்டே போனேன். யாரோ தூக்கத்தில் பேசுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது மாதிரி இருந்தது. அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். வெயில் எங்கள் நிழலைச் சுவர்மேல் ஏற்றிவிட்டுப் போயிற்று.

ஆனாலும் நாலு மணி வால்வைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அது புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு கல்லுக்கு அடியில் இருக்கிறது. எனக்கு முன்னால் அங்கே ரெமிஜியஸ் இருந்தார். ஃபாக்டரிக் காலத்து ஆள். சாவதற்கு ஒரு மாசம் முன்னால் அதைக் காட்டினார். “நாலு மணிக்கு மூடு, மறுநாள் வந்ததும் திற. இல்லேன்னா லைன் வெடிச்சிடும். யாருக்கும் சொல்லாதே, உன் வேலை நிக்கும்.” எந்தத் தொட்டிக்குப் போகிற லைன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதினொரு வருஷமாக டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் மூடுகிறேன். இந்தப் பன்னிரண்டு பேரில் நான் இருக்கப் போவது அந்த வால்வால்தான் என்று நினைத்திருந்தேன்.

நாலாம் நாள் அவள் மரத்தடியில் எனக்காக உட்கார்ந்திருந்தாள்.

“காலையில டெரிக் அண்ணனோட இருந்தேன். அவர்கிட்ட ஒரு ரகசியம் இருக்கு. உங்ககிட்ட சொல்லலாம்னுட்டார்.”

“அவன் ரகசியம் எனக்கு எதுக்கு?”

“நாலாம் கட்டடத்துத் தொட்டி தினமும் விடியும்போது காய்ஞ்சு கிடக்குதாம். ஆபீஸ்காரங்க வர்றதுக்குள்ள பழைய போர்வெல் மோட்டாரைப் போட்டு ரொப்பிடறார். அவர் வந்த நாள்லேருந்து, பத்து வருஷமா. தன் வேலை நிக்கிறதே அதாலதான்னு நெனச்சிருக்கார். இப்போ போர்ல மண்ணு வருது. இந்த மாசமே வத்திடும்.”

நான் செருப்பைப் பார்த்தேன்.

“லீக்னு சொல்லி கம்பெனி மூணு தடவை தோண்டிப் பார்த்திருக்கு. நாலாம் கட்டடத்து லைன் புகைபோக்கிப் பக்கமாத்தான் போகுது. சாயங்காலத்துலேருந்து பெரிய மோட்டார் விடிய விடிய ஓடுது. அந்தத் தண்ணி எங்க நிக்குதுன்னு உங்க காலுக்குத் தெரியுமாய்யா?”

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, மரத்தைப் பார்த்துக் கேட்டாள். ஒரு பூ சுற்றிச் சுற்றி இறங்கி அவள் பைமேல் விழுந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் தள்ள, அந்தப் பக்கம் அவன் தள்ள, சுவர் பத்து வருஷம் அசையாமல் நின்றது எனக்குத் தெரிந்தது.

சொன்னால், தண்ணீரை மறித்தவன் நான் என்று ஆகும். சொல்லாவிட்டால், போர் வற்றினதும் டெரிக் போவான்.

“நீங்க சொல்லாம நான் எதையும் எழுத மாட்டேன்” என்று எழுந்து போய்விட்டாள்.

நாலு மணிக்குப் போனேன். கல்லைப் புரட்டினேன். வால்வை மூடாமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலேகால், நாலரை. வெடிக்கும் வெடிக்கும் என்று காத்திருந்தேன். எங்கோ ஒரு பட்டறையில் இரும்பு தட்டுகிற சத்தம் வந்தது, நின்றது. செருப்பைக் கழற்றினேன். உள்ளங்காலுக்குக் கீழே தண்ணீர் அறுந்து போகாமல் ஓடியது, குழந்தை தூங்கும்போது மூச்சு விடுகிற மாதிரி. கல்லைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் என் வீடு இருக்கிற மர்பி டவுனிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி, விடிகிற நேரத்துக்கு நாலாம் கட்டடத்து மாடிக்கு ஏறினேன். டெரிக் பேன்ட்டை மடித்துக்கொண்டு நின்றிருந்தான். தொட்டி நிரம்பி வழிந்து மாடியெல்லாம் ஒரு விரல் தண்ணீர். அதில் வானம் கிடந்தது. நாங்கள் மேகத்தின் மேல் நிற்பது போல இருந்தது.

“என்னா மேன், நீயா?” என்றான். “நான் மோட்டாரே போடலை.”

“தெரியும்.”

நானும் பேன்ட்டை மடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

“அந்த ரெஞ்ச் உன்கிட்டதானே இருக்கு?” என்றேன்.

“என்கிட்டயா? உன்கிட்ட இருக்குன்னுதானே மேன் எட்டு வருஷமா நான் பேசலை.”

அன்றைக்கே இளவேனிலிடம் வால்வைக் காட்டினேன். எழுதிக்கொண்டாள். யார் குற்றம் என்று எழுதவில்லை, இரண்டு ஷிஃப்டையும் யாரும் ஒன்றாய் உட்கார வைக்கவில்லை என்று எழுதினாள். அடுத்த வாரம் பட்டியல் ஒட்டினார்கள். டெரிக் இருந்தான், நானும் இருந்தேன். என் பெயருக்கு நேரே, ஒழுகல் கண்டுபிடிக்க, என்று இருந்தது. வால்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைசி நாள் ஒரு பழைய காகிதம் கொண்டுவந்தாள். ஃபாக்டரி நாளில் நாலு மணிக்குப் பாய்லரை நிறுத்துவார்களாம். அப்போது அந்த லைனை மூடாவிட்டால் வெடிக்குமாம். பாய்லரை எடுத்து இருபது வருஷம் ஆயிற்று.

“ரெமிஜியஸ் சும்மா சொல்றவர் இல்லம்மா” என்றேன்.

“சும்மா சொல்லலைங்கய்யா. அன்னிக்கு அது சரி.”

“டெரிக் சொன்னதை என்கிட்ட சொன்னே. நான் சொன்னதை எழுதினே. வேற என்ன செஞ்சே?”

“வேற ஒண்ணும் இல்லைங்கய்யா.”

“அதை நாங்களே பேசியிருப்போம்.”

“எப்போய்யா?”

மணி நாலு ஆகியிருந்தது. என் கால் புகைபோக்கிப் பக்கம் திரும்பியது. வெடிக்காது என்று காகிதம் சொல்கிறது. இத்தனை நாள் வெடிக்கவில்லை, அவ்வளவுதானே. வால்வை மூடப் போகாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பம்ப் ரூம் பக்கம் நடந்தேன். மழைக்காலம் ஒன்று போகட்டும், காகிதத்தை நம்பலாமா என்று அப்புறம் பார்க்கலாம்.