நிமிடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர்

போன பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி முதல், திருவல்லிக்கேணியில் மஹ்விஷ் வீட்டுக் கூடத்தின் தரை, தன்மேல் இருந்த எதையும் நிமிடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் வேகத்தில் தெருவாசலை நோக்கி நகர்த்தத் தொடங்கியது. காலையில் பின்சுவர் ஓரம் இருந்த பீரோ மாலை ஆறரைக்கு நிலைப்படி ஏறி இறங்கித் தெருவில் நிற்கும். அவளுடைய அம்மா கைசர் ஜஹான் இரண்டு நாள் திட்டிப் பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து மதிய லுஹர் தொழுகைக்கு முன் ஒரு தடவை, பிற்பகல் அஸருக்குப் பின் ஒரு தடவை என்று சாமான்களை உள்ளே இழுத்துப் போடப் பழகிக்கொண்டார். “இன்னாமா, தெனம் வீடு காலி பண்ணிக்கினு கீறீங்க?” என்று கேட்ட இஸ்திரிக்காரரிடம், “தரை போவுதுப்பா” என்றார். அவரும் சரி என்று போய்விட்டார்.

மஹ்விஷுக்குத்தான் வயிற்றெரிச்சல். நுரையீரலில் சேரும் சளியைக் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் தொண்டை வரை எப்படித் தள்ளி வருகின்றன என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஆய்வகத் தட்டில் அவள் வளர்த்த செல்கள் ஆறு வருடமாக எதையும் தள்ளவில்லை. ஜூனுக்குள் முடிவு காட்டாவிட்டால் பதிவு ரத்து. வீட்டிலோ பீரோ நடக்கிறது, அதுவும் சளியின் அதே வேகத்தில்.

“ஆத்துல நடக்கறதெல்லாம் தீசிஸ்ல எழுதப்படாதுடி. மூணு தடவை ரிப்பீட் ஆகணும்” என்றார் அவளுடைய நெறியாளர் சூடாமணி. மயிலாப்பூரிலிருந்து மூன்று நாள் வந்து நாற்காலியில் அமர்ந்தார். மூன்று நாளும் காபி டம்ளரோடு தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார். நான்காம் நாள் எழுதச் சொல்லிவிட்டார்.

ஆய்வுக் கருவியே அந்தத் தரைதான்; அதை இடம் மாற்ற வழியில்லாததால் வாய்மொழித் தேர்வும் அந்தக் கூடத்திலேயே நடந்தது. அண்டை வீட்டாருக்கெல்லாம் சமோசா. வெளித்தேர்வாளர் துரைராஜ் வாசலருகே நாற்காலி போட்டுக்கொண்டது பிசகு. பிழைக்கணக்கு பற்றிய கேள்வியை அவர் தெருவிலிருந்துதான் கேட்டார். பார்வையாளர்களும் கேட்கலாம் என்றதும் கைசர் ஜஹான் எழுந்தார்.

“வந்தவங்க எல்லாரையும் தள்ளுது. நாலு மாசமா என்னை மட்டும் ஏன் தள்ள மாட்டேங்குது?”

ஆய்வேட்டின் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் அதற்கு விடை இல்லை. சூடாமணி கண்ணை மூடிக்கொண்டார். பதில் வராவிட்டால் பட்டம் இல்லை. மஹ்விஷ் அம்மாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தள்றது நகராது அம்மி. மயிரிழையும் நின்ன எடத்துல நின்னுதான் சளியைத் தள்ளும். நீங்கதான் தள்றீங்க.”

“கரெக்ட்!” என்று தெருவிலிருந்து குரல் கொடுத்த துரைராஜ், யாருடைய ஸ்கூட்டர் சீட்டின் மேலோ தேர்வு அறிக்கையை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“அப்போ நானே தள்ளி நானே இழுத்துக்கிட்டிருந்தேனா?” என்றார் கைசர் ஜஹான். யோசித்துப் பார்த்தபோது அவருக்கு அது பொய்யாகப் படவில்லை. அதற்குள் டாக்டர் மஹ்விஷ் நின்றபடியே நிலைப்படியைத் தாண்டியிருந்தாள். உள்ளே இழுக்க அம்மா கையை நீட்டவில்லை. தெருவில் வண்டி ஏதும் வருகிறதா என்று மட்டும் இரண்டு பக்கமும் பார்த்தார்.