ஒன்றே முக்கால் மணி நேரம்

"ஃப்ளைட்ல ஒன்றே முக்கால் மணி நேரம்ப்பா. ரயில்ல இருபது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று சென்னையிலிருந்து போனில் கேட்டான் நீல்.

அவன் மகள் அலினாவுக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். புனேயின் கேம்ப் பகுதியில் காலம் காலமாகக் குடியிருக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் எடுக்க அவன் தயார். அப்பா இன்பநாதன்தான் பிடி கொடுக்கவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டார்.

மில்ட்ரெட் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பேத்தியைத் தூக்கப் போகிற அவசரம் அவளுக்கு.

"பிள்ளைகிட்ட ஏன் மழுப்புதீய?"

"நீயே கணக்குப் போடு. இங்கேருந்து லோகாவ் ஏர்போர்ட்டுக்கு ரிக்ஷாவுல ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம் முன்னாலயே போய்க் குத்தவைக்கணும். பெல்ட்டைக் கழட்டுன்னுவான்..."

"கழட்டுங்க. உங்களை யாரு பாக்கப் போறா?"

"இறங்கினா பெட்டிக்கு நிக்கணும். அப்புறம் அவன் வீடு வரைக்கும் தாம்பரம் டிராஃபிக்."

"எப்படிக் கூட்டினாலும் இருபது வராது. கணக்கு வாத்தியாரா இருந்தவுகதானே நீங்க?"

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஓகோ, மனுஷருக்குப் பயம் போலிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. குரல் தானாக இறங்கிவிட்டது.

"பயமா இருக்கா? நான் கையைப் பிடிச்சுக்கிடுதேன். கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள சென்னை வந்துரும்."

"அதான் வேண்டாங்கேன்."

"எது?"

பேப்பருக்குள்ளிருந்தே பதில் வந்தது. "பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. இந்த வீட்டுல நீ என் எதுக்க உக்காந்து எத்தனை நாளாச்சு? அடுப்பு, துணி, மாதர் சங்கம், கீழ்வீட்டு தேஷ்பாண்டே அம்மா. நான் வாயத் தொறந்தா எந்திரிச்சு ஓடிருவ. ரயில்ல எங்க ஓடுவ? ஜன்னலோரம் உக்காந்து, வடை விக்கிறவன்கிட்ட பேரம் பேசிட்டு, ஊர்க்கதையெல்லாம் சொல்லிட்டு வருவ."

மில்ட்ரெட் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கதை பூரா நான்தானே சொல்லுவேன்? நீங்க சோலாப்பூர் வாரதுக்குள்ள தூங்கிருவீயளே!"

"யாரு தூங்கினா? கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டு இருப்பேன்."

"ஐயே! எழுபது வயசுல பேசுற பேச்சப் பாரு" என்றாள். அவர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு நீலுக்கு அவளே போன் போட்டாள்.

"ரயில்லயே எடுத்துரு ராசா."

"அரே அம்மா! இருபது மணி நேரம்!"

"அவ்வளவுதானா? இன்னும் மெதுவாப் போற வண்டி ஏதும் இருக்கான்னு பாரேன்."